கம்பியில் கட்டிய சிவப்பு நூல்

சனிக்கிழமை, இரவு.

தூக்கம் வரவில்லை. விடியும் முன் அண்ணன் செம்பனைக் காட்டுக்குப் பன்றி சுடப் போகிறான்.

துப்பாக்கி அவனே செய்தது. குழாயின் வாய்வழியே வெடிமருந்தும் குண்டும் போட்டுக் கம்பியால் இடிக்க வேண்டும். சரியாகப் போட்டிருந்தால், கம்பியில் கட்டிய சிவப்பு நூல் குழாய் வாயோடு நிற்கும். மாலையில் குழாய்க்குள் கம்பியை விட்டுப் பார்த்தேன். நூல் நான்கு விரல் மேலே நின்றது. போன வாரம் போட்டதைச் சுடாமலே திரும்பியதை மறந்து, இன்று மறுபடியும் போட்டிருக்கிறான். சுட்டால் குழாய் அவன் முகத்தில் வெடிக்கும்.

“அண்ணே, ரெண்டு வாட்டி போட்டுட்ட போல,” என்றேன்.

“ஸ்கூல பாதில விட்டவ, எனக்குப் பாடம் எடுக்குறா லா,” என்றான், பக்கத்தில் இருந்த கூட்டாளியிடம்.

“உன் தங்கச்சிக்குப் பேச வருமாடா?” என்று அந்தக் கூட்டாளி சிரித்தான். நான் உள்ளே போய்விட்டேன்.

அவர்கள் சாப்பிடப் போனதும் குழாயில் ஒரு கிளாஸ் தண்ணீர் ஊற்றினேன். நனைந்த மருந்து பற்றாது. ஆனால் முதலில் பற்றுவது அடியில் இருக்கும் பழைய மருந்து. அதன் மேல் தேங்காய் நாரை இறுக்கி அடைத்திருக்கிறான். தண்ணீர் அதுவரை இறங்கியதா, தெரியவில்லை.

அவன் மோட்டார் சைக்கிள் சாவி என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. எழுந்ததும் என்னிடம்தான் கேட்க வேண்டும். அப்போது சத்தமாகச் சொல்வேன்.