ஜன்னல் என்றொரு வைஃபை

2 மார்ச், சனி

மன்னிக்கவும். எழுதும்படி பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் எங்காவது சொல்லி வைக்க வேண்டும்போல் இருக்கிறது.

நகரத்தின் நடுவே, பிரிக்ஃபீல்ட்ஸில் சீதாலெட்சுமி அக்காவின் தையல் கடைக்கு ரூட்டர் பொருத்தப் போனேன். உள்ளங்கை அளவுப் பெட்டி, உள்ளே லினக்ஸ். கடைக்கு ஓர் இன்டர்ஃபேஸ், அதாவது தனி இணைப்பு வாசல்; வாடிக்கையாளர்களுக்கு இன்னொன்று. ஒன்று மற்றதை எட்டிப் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான் வேலை.

சிக்னல் பார்க்க மாடிக்கு ஏறினேன். காலி அறை. ஜன்னலுக்கு வெளியே மோனோரயில் ஒரு சோம்பேறி மீனைப்போல வளைந்து போனது. நகரத்துக்கு வெளியே கிள்ளானில், எங்கள் வீட்டில் தங்கைகளோடு ஒரே அறை. குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஆபீஸ் போன் வந்தால் குளியலறைக்குள் நின்று பேசுகிறேன். இந்த அறை மட்டும் எனக்குக் கிடைத்தால்—

அக்காவிடம் கேட்கவில்லை. கீழே வந்து மூன்றாவதாக ஓர் இன்டர்ஃபேஸ் உருவாக்கினேன். தனி முகவரிகள், தனி வைஃபை. பெயர்: ஜன்னல்.

4 மார்ச்

வீட்டிலிருந்தே ரூட்டரில் லாகின் செய்தேன், ஜன்னலை அழிக்க. இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

8 மார்ச், வெள்ளி

அக்கா போன் செய்தார்.

"தாமரை, என் போன்ல வைஃபைக்கு மூணு பேரு காட்டுது. கடை, கெஸ்ட்... அது யாரு லா ஜன்னல்?"

"டெஸ்ட், அக்கா."

"கனெக்ட் ஆவுது, நெட் லைன் வரல. சும்மா பேருக்கு நிக்குதா?"

எது இணையத்துக்குப் போகலாம் என்று காவல் காக்கும் ஃபயர்வாலில் ஜன்னலுக்கு மட்டும் அனுமதி எழுதவில்லை. மறந்தேனா, பயந்தேனா?

"அத விடு. ஞாயித்துக்கெழம வந்து மேல் ரூம்ல லைன் செட் பண்ணிக் கொடு. பூச்சோங்லேருந்து ஒரு பொண்ணு வாடகைக்குப் பாக்க வருது."

சரி என்றேன். எதுக்கெடுத்தாலும் ஏன் எனக்கு ‘சரி’தான் வாயில வருது?

10 மார்ச்

போனேன். இன்று எழுத முடியவில்லை.

7 ஏப்ரல், ஞாயிறு

கீழே தையல் மெஷின் ஓடும் சத்தம். காலையில் ஆபீஸ் போன் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தே பேசினேன். மோனோரயில் போகிறது. ரயிலுக்குள் யாரோ ஒரு குழந்தை கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தது.

மார்ச் 10 அன்று எழுதாமல் விட்டதை இன்று எழுதுகிறேன். இதே இடத்தில் தரையில் உட்கார்ந்து ஜன்னலுக்கு அந்த அனுமதியைச் சேர்த்தேன். தெருவில் பூச்சோங் பெண்ணின் கார் வந்து நின்றது.

"இப்ப லைன் வருதா?" என்றார் அக்கா.

"வருது. அது டெஸ்ட் இல்லக்கா. எனக்குன்னு வச்சது... இந்த ரூம எனக்குத் தரீங்களா?"