அப்போலின் பெயர் கொண்ட செடி

வான் டீமன் தீவு, மார்ச் 1802

அன்புள்ள அப்போலின்,

உன் மூட்டுவலி குறைந்ததா? எழுதப்போவது இவை:
1. என் நலம்.
2. உன் பெயரில் ஒரு புதிய செடி.
3. நீ அனுப்ப வேண்டியவை.

நான் நலம். படகில் ஏறும்போது சறுக்கி விழுந்ததில் மூக்குக்கண்ணாடி மட்டும்தான் உடைந்தது.

நேற்று கரையில், இதுவரை யாரும் குறித்து வைக்காத செடி ஒன்றைக் கண்டேன். கப்பலின் தாவர ஆய்வாளனான எனக்கு, இந்த வயதில் இதுதான் முதல் கண்டுபிடிப்பு. உன் பெயரையே அதற்கு வைத்து, சீட்டில் எழுதிச் செடியில் கட்டினேன். பேச ஆளில்லாததால் அதை இருமுறை உரக்கப் படித்தேன்.

புதுக் கண்ணாடியும் கம்பளிக் காலுறையும் அனுப்பு. உன் கடிதம் வந்து பதினான்கு மாதமாகிறது. இரண்டு வரியானாலும் எழுது.

இவ்வளவு எழுதியபோது கப்பல் சமையல்காரன் கிராவெல் வந்தான். மேசைமேல் இருந்த செடியின் வேரைக் கடித்தான்.

"பெருசு, இது முள்ளங்கிய்யா! முன்னாடி வந்த நம்ம கப்பல்காரங்க விதைச்சிட்டுப் போனது. முள்ளங்கிக்கா வீட்டம்மா பேரு?"

"மெதுவாப் பேசுப்பா, கேப்டன் காதுல விழப்போகுது."

"விழட்டுமே. மத்தியானம் சூப்புல போட்டுடறேன்."

நானும் கடித்துப் பார்த்தேன். செடியைக் கொடுத்துவிட்டு, சீட்டை மட்டும் அவிழ்த்து வைத்துக்கொண்டேன். கடிதம் கொண்டுபோகும் படகு கிளம்புகிறது. இரண்டாவதாக எழுதியது தவறு, அப்போலின்.

உன் எவாரிஸ்த்