பாக்கெட்டிலேயே இருந்த கை

அக்கா,

ஆஸ்பத்திரியில உன் பாப்பாவைத் தூக்காததுக்குச் சளின்னு சொன்னேன். பொய். அப்பா பக்கத்துல நின்னார். "இவன் கை பட்டா எதுவும் உருப்படாது"ன்னு சின்ன வயசுலேர்ந்து சொல்லுவாரே, அது ஞாபகம் வந்துடுச்சு. கையைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். காலேஜ் லேப்ல எதையாவது உடைச்சுடுவேனோன்னு படிப்பை விட்டு ஓடினதும் அதனாலதான்.

இங்க கண்ணாடிக் கடையில ஆறு மாசமா துடைக்கிற வேலை மட்டும்தான். நேத்து கண்ணாடி வெட்டுற அண்ணன் லீவு. ஓனரம்மா என்னை வெட்டச் சொல்லிட்டாங்க. கட்டரால கோடு கிழிச்சு, மேஜை விளிம்புல வச்சு ஒரே அமுக்கா அமுக்கணும். பயந்து பயந்து அமுக்கினேன். ரெண்டு கண்ணாடி கோணலா உடைஞ்சுது.

"டேய், அது என்ன தூங்குற பாம்பா? தயங்கினாத்தான்டா உடையும்!"னு கத்தினாங்க.

கடுப்புல மூணாவதை அமுக்கினேன். நூல் பிடிச்ச மாதிரி பிரிஞ்சுது. அப்புறம் பதினொண்ணு வெட்டினேன், ஒண்ணுகூட வீணாகலை. ஆனா மண்டைக்குள்ள அப்பா குரல் மட்டும் நிக்கவே இல்லை அக்கா.

ஞாயித்துக்கிழமை வரேன். அப்பா வீட்டுல இருக்கும்போதே வரேன். பாப்பாவை என் கையில குடு. வேண்டாம்னு பின்னாடி போவேன். கேட்காதே, குடுத்துடு.

உன் தம்பி