அய்யாவின் மௌன விரதம்

அன்புள்ள அய்யாவுக்கு,

வாய்மூடி இருந்தது போதும். நீங்கள் போய் நாலு வருஷம்; அதற்கு முன் ஒரு முப்பது வருஷம். இனி முடியாது.

பள்ளி இறுதிப் பரீட்சைக்கு முந்தின வாரம் நினைவிருக்கிறதா? என் கண்ணுக்குள் ரம்பப் பல் போல ஓர் ஒளி ஓடியது. புத்தகத்தில் பாதி வரியைக் காணவில்லை. பிறகு வலது பொட்டில் இடி, வாந்தி, விரல்களில் மரமரப்பு. வேஷம் என்றீர்கள். குற்றாலம் வரை நடத்திக் கூட்டிப்போய், கோடை மழைக்கு விழுந்த பேரருவிக்கு அடியில் பிடரியைப் பிடித்து நிறுத்தினீர்கள்.

"நில்லுலே. பரீட்சைக்கு வந்த மண்டையிடி, அருவித் தண்ணி அடிச்சா எறங்கிரும்."

ஒவ்வொரு துளியும் ஆணியாக இறங்கியது. வெளியே விட்டால் போதுமென்று, "வலி போயிட்டுய்யா" என்றேன். அந்தப் பொய்யை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டீர்கள். அந்த வருஷம் தவறினேன். அதற்கும் ஏச்சு எனக்குத்தான்.

போன மாதம்தான் தென்காசி டாக்டர் விளக்கினார். ஒற்றைத் தலைவலியாம். தலையோடு நிற்காதாம், வயிற்றில் செரிமானம் நின்றுவிடும், வெளிச்சமும் தாளிப்பு வாசமும் ஆகாது, மறுநாள் உடம்பு துவைத்த துணியாகக் கிடக்கும். யுத்தத்தில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் வீட்டில் விளக்கு எரியாததுகூட எனக்கு நல்லதாகிவிட்டது. பெற்றவர்களிடமிருந்தும் வரும், 'உங்கள் அப்பாவுக்கு உண்டா?' என்று என்னைக் கேட்டார். இல்லை, அவர் மாதாமாதம் மௌன விரதம் இருந்தவர் என்றேன்.

இதை அம்மாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"விரதமாவது ஒண்ணாவது. மண்டையிடிலே அவுகளுக்கு. வெளிய தெரிஞ்சா கேவலம்னுட்டாக."

கதவடைத்து, விளக்கில்லாமல், அடுப்பு மூட்ட விடாமல் கிடந்தீர்களே. நாங்கள் நுனிக்காலில் நடந்தோம். ஊர் உங்களைக் கும்பிட்டது. ஒரே ஒரு நாள் என்னையும் அந்த அறைக்குள் படுக்க விட்டிருக்கக் கூடாதா?

இப்போது அதே மண்டையிடி அண்ணன் மகளுக்கு வந்திருக்கிறது. பன்னிரண்டு வயது. ஆனிச் சாரல் விழுந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அவளைப் பேரருவிக்குக் கொண்டுபோகிறானாம். வேண்டாம் என்றேன்.

"ஒன்னைய அய்யா அப்படித்தானலே சரியாக்குனாக?"

அன்று சொன்னது பொய் என்றேன். உங்கள் மேலுள்ள வன்மத்தில் பேசுகிறேனாம். வன்மம் உண்டுதான். அதற்காக வலி இல்லையென்று ஆகிவிடுமா?

வெள்ளிக்கிழமை நான் அருவிக்கரையில் நிற்பேன். அந்தப் பிள்ளையின் பிடரியில் எந்தக் கையும் விழாது. இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இதை அண்ணன் வாசிக்கும் வாரப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அவனுக்குப் பெயர் வேண்டாம், புரியும். 'உங்கள் இளைய மகன்' என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். பெயர் இருந்தால் ஒரு வீட்டுச் சண்டை என்று மடித்து வைத்துவிடுவார்கள். இல்லாவிட்டால், விரதமிருக்கும் தகப்பன் உள்ள வீடுகளில் யாராவது ஒருவர் மூடிய கதவைத் திரும்பிப் பார்க்கக்கூடும்.

கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.