ஆர்மோனியம் எந்தப் பக்கம்

6 ஜூலை 1999, செவ்வாய்

தோல் கம்பெனி பஸ் மாதனூரிலேயே நிரம்பிவிட்டது. ஆம்பூர் வரை நின்றுகொண்டே போனேன்.

ஜான்சன் என்னிடம் ஏதோ கேட்டாராம், நான் பதில் சொல்லவில்லையாம். "கெசியா மேடம் நாம சொல்றத காதுல போட்டுக்க மாட்டாங்க. டிகிரி படிச்சவங்க" என்று ஆபீசுக்கே கேட்கும்படி சொன்னார். அது மட்டும் நன்றாகக் கேட்டது. அவர் மெர்ச்சன்டைசர். அவருக்குக் கீழே ஒரு இடம் காலியாக இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்களிடம் பேசவேண்டிய வேலை. அதற்கு என் பெயரை யாரும் எடுப்பதில்லை. எடுக்கவும் மாட்டார்கள்.

சாயங்காலம் முதலாளி ஷபீ அஹமது சார் கூப்பிட்டார். "நீ ஃபிசிக்ஸ்தானேம்மா? வீட்டுக்கு ஒரு மிஷின் வந்திருக்கு. அதோட புஸ்தகத்தைப் படிச்சு எனக்குப் புரியிற மாதிரி சொல்லு."

மிஷின் என்றது ஒரு சிடி பிளேயரை. புத்தகம் அறுபது பக்கம்!

8 ஜூலை, வியாழன்

சார் வீட்டுக்குப் போனேன். ஹாலில் பாதி அந்த ஆடியோ சாமான்தான். ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். நடுவில் பழைய ஜப்பான் பிளேயர், பக்கத்தில் ஜெர்மனியிலிருந்து வந்த புதுசு. புதுசைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். முடியவில்லை. ஒரு தட்டைச் சுற்றவைக்க இவ்வளவு இரும்பு எதற்கு? அதிர்வு வரக்கூடாது என்பதற்காக என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. பஸ்ஸில் திரும்பும்போதும் அதையே யோசித்தேன்.

சாரின் மனைவி ஃபரீதா ஆன்ட்டி டீ கொடுத்தார். "இந்த வீட்ல எல்லா சத்தத்தையும் உக்காந்து கேப்பாரு. நான் கூப்பிட்டா மட்டும் கேக்காது."

புதுசை வாங்கி வந்தவர் சாரின் அக்கா மகன். அடுத்த சனிக்கிழமை திரும்பிப் போகிறார். சரியில்லை என்றால் அவரிடமே கொடுத்தனுப்பலாம், கடையில் எடுத்துக்கொள்வார்கள்.

"டேனரியில தோல் உருட்டுற டிரம் சத்தத்துலயே முப்பது வருஷம் இருந்துட்டேன். என் காதை நானே நம்புறதில்ல. சின்ன வயசுக் காதா ஒண்ணு வேணும், அதான் உன்னக் கூப்பிட்டேன்" என்றார் சார்.

புதுசில் ஒரு உருது கஜல் போட்டார். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்.

"பாடறவர் எங்க நிக்கிறார்?"

வலது பக்கம் கை காட்டினேன்.

"நடுவுல இல்லியா? சரி, ஆர்மோனியம் எந்தப் பக்கம்?"

எங்கேயோ தள்ளி, துணி போட்டு மூடின மாதிரி என்றேன். சார் முகம் சுருங்கிவிட்டது. பிறகு பழைய ஜப்பானில் அதையே போட்டு, "இதுல நடுவுல வருதில்ல?" என்றார். நான் தலையாட்டினேன்.

வந்ததா? தெரியவில்லை. சரியாகப் புரியாவிட்டால் தலையாட்டிவிடுவது என் பழக்கம். ஸ்கூலிலிருந்தே.

9 ஜூலை, வெள்ளி

பேஜாராக இருக்கிறது. ஏன் தலையாட்டினேன்?

14 ஜூலை, புதன்

சார் முடிவு பண்ணிவிட்டார். புதுசில் இடது பக்கம் கோளாறு, திருப்பி அனுப்பவேண்டும். என்ன கோளாறு என்று கடைக்காரனுக்கு இங்கிலீஷில் எழுதித்தரச் சொன்னார். எழுதுவதற்கு முன் இன்னொரு முறை கேட்கிறேன் என்றேன். என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது. புதுசில் அதே கஜலைப் போட்டுவிட்டு சார் அஸர் தொழுகைக்குப் போனார்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் ஃபரீதா ஆன்ட்டி டீயோடு நின்றார். கூப்பிட்டிருக்கிறார், எனக்குத் தெரியவில்லை. சட்டென்று அவர் பக்கம் திரும்பினேன். முதுகு ஸ்பீக்கருக்கு.

ஆர்மோனியம் கேட்டது! துருத்தி மூச்சு விடுவதுகூடக் கேட்டது. தபலா மங்கிவிட்டது.

முன்னால் திரும்பினேன். ஆர்மோனியம் போய்விட்டது. மறுபடி பின்னால். வந்துவிட்டது. "இன்னாம்மா, தட்டாமாலை சுத்துற?" என்று ஆன்ட்டி சிரித்தார்.

இடது காதை விரலால் மூடினேன். எதுவும் மாறவில்லை. வலது காதை மூடினேன் —

இருபத்திரண்டு வருஷமா எனக்குத் தெரியலியா? ஃபோனை எப்பவும் வலது காதுலதான வெக்கிறேன்? கிளாஸ்ல எப்பவும் இடது ஓரம் போய் உக்காருவேனே, ஏன்னு ஒரு நாளாவது கேட்டேனா? எல்லாரும் திமிருன்னாங்க. நான் கூச்சம்னு நெனச்சேன்.

கடிதத்தை நாளைக்கு எழுதுகிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன்.

15 ஜூலை, வியாழன்

அம்மாவிடம் சொன்னேன். ஷூ கம்பெனியில் தைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். நம்பவில்லை. இடது பக்கம் வந்து குசுகுசுவென்று ஏதோ சொல்லிப் பார்த்தாள். என்ன சொன்னாய் என்று நான் கேட்டதும் உட்கார்ந்துவிட்டாள்.

"யார்கிட்டயும் சொல்லாதடி. வரன் பாக்குற நேரம். காது கேக்காதுன்னு ஒருத்தர் வாயில வந்துட்டா அவ்ளோதான்."

சொல்லாவிட்டால் நல்ல மிஷின் கெட்ட பேரோடு திரும்பிப் போகும். அது இரும்புதானே, அதற்கென்ன? ஆனால் புதுசிலும் சாருக்குக் குரல் நடுவில்தான் கேட்டது. சரியாகத்தான் கேட்டது. என் தலையாட்டலை நம்பி, தன் காது போச்சு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆண்டவரே, நாளைக்குச் சொல்ல வாய் வரவேண்டும்.

16 ஜூலை, வெள்ளி

சொல்லிவிட்டேன். "சார், மிஷின்ல ஒண்ணும் இல்ல. என் இடது காதுலதான்."

சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "அப்ப என் காது நல்லாத்தான் இருக்குதா?" முகமெல்லாம் சிரிப்பு!

"அந்தப் பொண்ணு அழுவுது, உங்களுக்கு உங்க காது சந்தோஷமா?" என்று ஆன்ட்டி போட்ட சத்தத்தில் சார் பாட்டையே நிறுத்திவிட்டார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

பிறகு ஆம்ப்ளிஃபயரில் ஒரு பட்டனைக் காட்டினார். மோனோ. வாங்கியதிலிருந்து அதை அமுக்கினதே இல்லையாம். அமுக்கினால் இரண்டு ஸ்பீக்கரிலும் எல்லாமே வரும். ஆர்மோனியம் என் பக்கம் வந்தது.

அப்புறம்தான் இரண்டு பிளேயரையும் ஒழுங்காக ஒப்பிட்டோம். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் பாடகர் மூச்சு இழுக்கிறார், புதுசில் அது கேட்கிறது. ஜப்பான் அதை விழுங்கிவிடுகிறது. நான் சொன்னேன். சார் இரண்டு தடவை கேட்டுவிட்டு, "வாஸ்தவம்" என்றார்.

புதுசு இங்கேயே இருக்கும்.

22 ஜூலை, வியாழன்

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி. சின்ன அறையில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். வலது காது முடிந்தது. இடதுக்கு இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று பட்டனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்து, "முடிஞ்சிடுச்சும்மா, எழுந்து வா" என்றார்கள்.

சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததா என்று டாக்டர் கேட்டார். வந்தது, ஒண்ணாவது படிக்கும்போது. அதில்தான் நரம்பு போயிருக்கும், இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வலது காது முழுசாக நன்றாக இருக்கிறது என்றார்.

பஸ்ஸில் ஏறினதும் அம்மா சொன்னாள்: "நம்மகிட்ட ஏது பொன்னு? பக்கத்து வீட்டு முனவ்வர் பேகம்தான் அவங்க சங்கிலியக் கழட்டிக் குடுத்தாங்க, உன் கழுத்துல போட. அவங்க வீட்ல கல்யாணம் வந்துச்சேன்னு சீக்கிரமே குடுத்துட்டேன். இன்னும் ரெண்டு நாள் போட்டு வெச்சிருந்தா வலியோட போயிருக்கும்."

அது கிருமி, சங்கிலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பள்ளிகொண்டா வரை சொல்லிக்கொண்டே வந்தேன். அம்மா தலையாட்டினாள். அது என்ன தலையாட்டல் என்று எனக்குத் தெரியாதா?

18 ஆகஸ்ட், புதன்

தோல் வாங்கும் இத்தாலிக்காரர்கள் வந்தார்கள். சாம்பிள் ரூமில் நானும் இருக்கவேண்டும் என்று சார் சொல்லிவிட்டார். மேசையின் இடது கோடியில் உட்கார்ந்தேன். எல்லோரும் என் வலப்பக்கம். அவர்களில் ஒரு அம்மாள் தோலின் கனத்தைப் பற்றிக் கேட்டார். நான் பதில் சொன்னேன். மறுபடி கேட்டார், மறுபடி சொன்னேன்.

ஜான்சன் தாமதமாக வந்து என் இடப்பக்கம் நாற்காலியைப் போட்டு, மெதுவாக ஏதோ சொல்ல ஆரம்பித்தார். தலை தானாக ஆடப் பார்த்தது. நிறுத்திக்கொண்டேன்.

"ஜான்சன் சார், இந்தப் பக்கம் வாங்க. எனக்கு அந்தக் காது கேக்காது."

எல்லோருக்கும் கேட்டது. அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தார்.

மத்தியானம் வரை ஓயவில்லை. மனுஷன் இவ்வளவு பேசுவார் என்று எனக்கு இன்றுதான் தெரியும்.