கடைசிப் படி

ரெண்டு மூணு நாளா என்கிட்ட வாயே திறக்காத வாயாடித் தங்கச்சிக்கு,

பேக்கரியில எனக்குக் காலை ஷிப்டு, கிளம்பிட்டேன். டப்பாவுல ரொட்டியும் முட்டையும் வெச்சிருக்கேன். பழம் பறிக்கக் கூட்டிட்டுப் போற வேன் ஏழு மணிக்கே வந்துடும். சாவியை எதிர்வீட்டு அக்காகிட்ட குடுத்துட்டுப் போ.

உன் தோட்டப் பயிற்சியைப் பார்க்க வந்த இடத்துல எல்லார் முன்னாடியும் கத்தினேன்னு இன்னும் உர்ருன்னு இருக்கே. கத்தினது கத்தினதுதான். பழம் போடுற பை வயித்துக்கு முன்னாடி தொங்கி உன் காலை மறைச்சிடுச்சு. இன்னும் ஒரு படி இருக்கும்போதே தரை வந்துடுச்சுன்னு ஏணியை விட்டுட்டே. விழுந்து எழுந்து நீயும் சிரிச்சே, எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மட்டும் பயம்தான் வந்துச்சு. அதைச் சொல்லத் தெரியாமதான் "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு"ன்னு கத்தினேன்.

அன்னைக்கு நீ ஏறினது குட்டை மரம். இந்த சீசன் முழுக்க நீ ஏறப்போறது உயர மரம். ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல. போகாதேன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. நீ ஆசைப்பட்டு வாங்கின வேலை, முழுங்கிட்டேன்.

பை பாதி நிறைஞ்சதும் இறங்கிடு. அடுத்த படியைக் காலால தடவிப் பார்க்காம கையை எடுக்காதே.

பி.கு. உன் கையுறை வழுக்குது. என்னோடதைக் கதவுல மாட்டியிருக்கேன், அதைப் போட்டுக்கோ.

இன்னொண்ணு. ஏணியிலேர்ந்து இறங்குற ஒவ்வொரு தடவையும் ஒரு மிஸ்டு கால் குடு. பேச வேண்டாம், கோவம் அதுபாட்டுக்கு இருக்கட்டும். உன் கால் தரையில பட்டுடுச்சுன்னு தெரிஞ்சா போதும்.