ஆந்தைச் சட்டை

சங்கரன்கோவில்
10-3-1985

ஆண்டவருக்குள் அன்பான கிருபா அக்காவுக்கு,

தங்கை ஞானபாய் எழுதுவது. நீ ரியாத்துக்குப் புறப்பட்ட அன்று, "அம்மா எதைக் கேட்டாலும் 'நலம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாள். நீதான் வீட்டில் நடப்பதை எனக்கு எழுத வேண்டும்" என்று சொன்னாய் அல்லவா? ஆகையால் இந்தக் கடிதம் முதல் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். என்னைப் பற்றி நீ தாழ்வாக நினைக்கும்படி எதுவும் நடந்தால் அதையும் மறைக்க மாட்டேன்.

நீ கொடுத்துவிட்ட பார்சலைப் புளியங்குடி பீர் மைதீன் அண்ணாச்சி நேற்றுக் கொண்டுவந்தார். "ஒங்க அக்கா வேல பாக்குத ஆஸ்பத்திரியில நான் டிரைவரு. எனக்கே ரெண்டு ஊசி போட்டிருக்கா, மகராசி" என்று இடுப்பைத் தடவிக் காட்டினார். அம்மாவுக்குச் சேலை, அப்பாவுக்குப் பேனா, எனக்கு அந்தச் சட்டை.

அக்கா, அதற்கு என்ன பெயர்? ஸ்வெட்டர் போல் கனமாக இருக்கிறது, ஆனால் கம்பளி இல்லை. பனியன் போல் தலைவழியே மாட்ட வேண்டியிருக்கிறது. உள்பக்கம் பூனைக்குட்டியின் வயிறு மாதிரி மெத்தென்று இருக்கிறது. மார்பில் மூக்குக் கண்ணாடி போட்ட ஆந்தை ஒன்று புத்தகம் வாசிக்கிறது. என்னை நினைத்துத்தானே வாங்கினாய்? அம்மா பார்த்ததும், "ஏட்டி, ஒங்க அக்காளுக்கு ஒலகத்துல வேற பறவையே கெடைக்கலையா? இத நெஞ்சுல ஒட்டிக்கிட்டு தெருவுல போனா நாய் கொலைக்கும்" என்றாள்.

இந்த வெயிலில் இதை எப்படிப் போடுவது என்று விவரமாக எழுது. அப்பா வழக்கம்போல் குருவிகுளம் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலேயே தங்கிச் சனிக்கிழமை மட்டும் வந்துபோகிறார். அம்மா தான் நலம் என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

உன் பிரியமுள்ள தங்கை,
ஞானபாய்


ரியாத்
27-3-1985

என் செல்லத் தங்கை ஞானத்துக்கு,

கடிதம் கிடைத்தது. ஆந்தை இந்த ஊர்க் கடையில் என்னைப் பார்த்த பார்வை அச்சாக நீ வாசித்துக்கொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டால் பார்ப்பாயே, அப்படி இருந்தது. வாங்காமல் வர மனம் இல்லை.

அதற்கு ஸ்வெட்ஷர்ட் என்று பெயர். எங்கள் வார்டில் ஏ.சி. நடுக்குகிறது. பிலிப்பைன்ஸ் பெண்கள் எல்லாரும் ஓய்வு அறையில் இதைத்தான் போட்டிருப்பார்கள். நீ முழுப் பாவாடைக்கு மேல் போட்டுக் கையை முழங்கை வரை ஏற்றி விட்டுக்கொள். வெயில் ஏறினால் கழற்றி, கைகள் இரண்டையும் கழுத்தில் முடிந்து முதுகில் தொங்கவிடு. இடுப்பிலும் கட்டலாம். தாவணிக்கு மேல் மட்டும் போடாதே, மூட்டை மாதிரி இருக்கும். துவைத்தால் ஆந்தையை உள்பக்கமாகத் திருப்பி நிழலில் காயப்போடு.

அம்மா பாட்டுக் குழுவுக்கு ஒழுங்காகப் போகிறாளா? ஈஸ்டர் பாட்டில் அவள் குரல் கேட்காமல் எனக்கு இது முதல் வருடம்.

கிருபாவதி


சங்கரன்கோவில்
21-4-1985

அன்பான அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தில் முதல் பாதி என் வழக்கு. மறுபாதி என் குற்றம்.

வழக்கு இதுதான். சட்டையை அம்மா எடுத்துக்கொண்டாள். இடுப்பில் கட்டிக் காட்டியபோது, "யார்கூடச் சண்டைக்குப் போற?" என்று கேலி செய்தவள், மறுநாள் ஆந்தை தெரியாமல் உள்ளே திருப்பிச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்கிறாள். "மெத்துன்னு இருக்குட்டி, சித்த நேரம் போட்டுட்டுத் தாரேன்" என்றாள். அந்தச் சித்த நேரம் இன்னும் முடியவில்லை. இப்போது ஆந்தையைப் பற்றிய வெட்கமும் போய்விட்டது. மெத்துப்பக்கம் உடம்பில் படவேண்டும் என்று நேராகவே போட்டுக்கொள்கிறாள். நான் ஃபேனைப் போட்டால், "நிறுத்துட்டி, குளுருது" என்கிறாள். சித்திரை வெயிலில்! நான் வியர்த்து ஒழுகிக்கொண்டு பாடம் படிக்கிறேன்.

பகலிலும் தூங்குகிறாள். ஒன்று கேட்டால் பதில் வர நேரமாகிறது. பாட்டுக் குழுவுக்குப் போவதில்லை. குரல் தகரத்தை இழுத்தது போல் ஆகிவிட்டது, "சளி" என்கிறாள். தூங்கித் தூங்கி முகம்கூட உப்பிப்போயிற்று. "சோம்பேறி ஆயிட்டம்மா நீ" என்று சொன்னேன். அவள் சிரித்தாள். "இதையெல்லாம் அவளுக்கு எழுதாத, வேலைய விட்டுட்டு ஓடி வந்துருவா" என்றாள். உனக்கு வாக்குக் கொடுத்திருப்பதால் எழுதுகிறேன்.

இனிக் குற்றம். ஈஸ்டர் விடியல் ஆராதனைக்கு அந்தச் சட்டையைத்தான் போடுவேன் என்று பள்ளியில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அம்மா அதைப் போட்டுக்கொண்டே வாசலுக்கு வந்தாள். "இது என் சட்டை. அக்கா எனக்குத்தான் அனுப்பினாள்" என்று பிடித்து இழுத்தேன். அவள் கைகளைத் தூக்கிக் கொடுத்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் பின்னால் நடந்து வந்தாள்.

கோயிலில் ஒரே நெரிசல். ஆந்தையைப் பார்த்து எல்லாரும் கேட்டார்கள், எனக்குப் பெருமைதான். ஆனால் இரண்டாம் பாட்டு முடியுமுன் வியர்வை முதுகில் ஓடிற்று. அம்மா பாட்டுக்கு எழுந்திருக்கவே இல்லை. வெளியே வரும்போது படி இறங்க என் கையைப் பிடித்தாள். அக்கா, அவள் கை பானைத் தண்ணீர் போல் இருந்தது. நான் வெந்துகொண்டிருந்தேன். ஒரே கட்டடத்துக்குள் இரண்டு பேரும் இருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கொடுத்தேன். "ஈரமா இருக்குட்டி, காயட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

இதை எழுதினால் மனம் ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை.

ஞானபாய்


ரியாத்
8-5-1985

ஞானம்,

இதை அப்பா கையிலும் கொடு.

உன் வழக்கை வாசித்து நான் சிரித்தேன். தோழிகளுக்கும் சொல்லிச் சிரிக்க வைத்தேன். மறுநாள் வார்டில் ஓர் அம்மாளுக்கு மூன்றாவது போர்வை போர்த்தினேன். முகம் உப்பி, குரல் கரகரத்து, கேட்டதற்கு மெதுவாகப் பதில் சொன்னார். போர்வையைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். அறைக்கு ஓடிவந்து உன் கடிதத்தை மறுபடி வாசித்தேன். எல்லாம் அதில் இருக்கிறது.

அம்மாவின் புருவத்தைப் பார். ஓரத்தில் முடி உதிர்ந்திருக்கிறதா? தோல் வறண்டிருக்கிறதா? கழுத்தில் தைராய்டு என்று ஒரு சுரப்பி உண்டு, அது சரியாகச் சுரக்காவிட்டால் இப்படி ஆகும். நான் டாக்டர் இல்லை, தவறாகவும் இருக்கலாம். ஆனால் காத்திருக்கக் கூடாது. விட்டால் நினைவு தப்பும் அளவுக்குப் போகும். அப்பாவை லீவு போடச் சொல். பாளையங்கோட்டைக்குப் பெரிய டாக்டரிடம் கூட்டிப்போய், நீ எனக்கு எழுதியதை அப்படியே அவரிடம் சொல். அதுதான் என்றால் தினமும் ஒரு மாத்திரை போதும்.

நான் புறப்பட்ட அன்றே அம்மாவின் குரல் மாறியிருந்தது. அழுததால் என்று எண்ணினேன். நர்ஸ் படித்தவள் நான். உன்னை நான் எதற்குத் திட்டுவது?

சட்டை அம்மாவிடமே இருக்கட்டும்.

கிருபாவதி


சங்கரன்கோவில்
28-7-1985

அன்பான அக்காவுக்கு,

நீ சொன்னதுதான். ரத்தத்தை மதுரைக்கு அனுப்பி முடிவு வர நாளாயிற்று என்று அப்பா முன்பே எழுதினார் அல்லவா? மாத்திரை தொடங்கியும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. இப்போது முகம் வடிந்திருக்கிறது. நேற்று ஆடித்தபசுக் கடைகள் பக்கம் போய் வளையல்காரனிடம் அவளே பேரம் பேசினாள். குரல் முழுதாகத் திரும்பவில்லை, ஆனாலும் வளையல்காரன் தோற்றான்.

ஒன்று என்னை உறுத்துகிறது. டாக்டர், "யாருய்யா கவனிச்சது?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து அப்பா காண்கிறவர்களிடம் எல்லாம், "எம் மக எழுதுன லெட்டருதான் அவ உசுரக் காப்பாத்துச்சு" என்கிறார். சபையில் கூடச் சொன்னார். அது அம்மாவைப் பற்றிய புகார்க் கடிதம் என்று உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவள் குளிரில் இருப்பதை நான் பார்க்கவில்லை அக்கா. என் சட்டை என்னிடம் இல்லாததைத்தான் பார்த்தேன்.

தாங்காமல் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், சோம்பேறி என்று உனக்கு எழுதியது உட்பட. கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "நானாத்தான கழத்திக் குடுத்தேன். நீ எங்கட்டி புடுங்குன?" என்றாள். நான் இழுத்தேன் என்று மறுபடி சொன்னேன். "சரி, இழுத்த. கீரையில மண்ணு இருக்கா பாரு" என்றாள். அவ்வளவுதான்.

இரவு விளக்கடியில் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். சட்டையைத் தலைவழியே கழற்றி என் பக்கம் போட்டாள். "ஏட்டி, அந்த ஃபேனப் போடு. என்னா வெக்க" என்றாள். நான் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னட்டி முழிக்க, ஒன் ஆந்த மாதிரி? போடுன்னு சொல்லுதேன்லா" என்றாள். போட்டேன்.

காகிதம் பறக்கிறது. ஓரத்தில் சட்டையை மடித்து வைத்து எழுதுகிறேன். இன்னும் சூடு இருக்கிறது.

அம்மா மறுபடியும் குரல் கொடுக்கிறாள், கண்ணில் வெளிச்சம் குத்துகிறதாம்.

உன் தங்கை,
ஞானபாய்

என் பெயர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் பொறுத்துக்கொள். விளக்கை அணைத்தாயிற்று.